கட்டற்ற மென்பொருளின் கட்டு
குனு பொது உரிமம் பற்றிய ஒரு திறனாய்வு

செய்நிரலொன்றை இயற்றுதல் ஒரு தொழில். இயற்றியதனைப் பிறர்க்கு வழங்குதல் மற்றொரு தொழில். முன்னையது அறிவின்பாற் பட்டது. பின்னையது அறத்தின்பாலும் சட்டத்தின்பாலும் பட்டது. கணினி பற்றிய நூல்கள் முன்னையதனையே மிகுதியும் பேசுகின்றன. பின்னையதனைப் பற்றி எழுந்த எழுத்துக்களுள் தலையாயது குனு பொது உரிமம் என்னும் சாசனம். 1989ஆம் ஆண்டிலே முதன்முதல் வெளிவந்து, 1991இலும் 2007இலும் திருத்தம் பெற்ற அச்சாசனம், எண்ணிறந்த கணினிகளிலே செய்நிரல்களுடன் உடன்சென்று கிடக்கின்றது. கிடப்பினும் அதனைப் படித்தோர் சிலரே. சட்டப் பத்திரமெனத் தள்ளிவிடாது, அதனை ஒரு நூலெனக் கொண்டு அதன் நோக்கமும் நடையும் பயனும் குறையும் யாவை என ஆராய்தல் தகும்.

செய்நிரல் இரு வடிவுடையது. ஒருவர் எழுதிப் பிறிதொருவர் படித்து விளங்கத்தக்க வடிவம் மூலநிரல் எனப்படும். பொறி ஏற்று இயக்கத்தக்கதாக அதனை மாற்றிய வடிவம் பொறிநிரல் ஆகும். பொறிநிரலை மாத்திரம் பெற்றவர் அதனைப் பயன்படுத்தலாம். ஆனால் அது செய்வது யாதென முற்ற அறிதலும், பிழை கண்டவிடத்துத் திருத்துதலும் அவர்க்கு மிக அரியன. மூலபாடம் கிடையாது உரை மாத்திரம் கிடைத்த நூலை ஆராயப் புகுந்தோர் படும் இடர் தமிழ் கற்றோர் அறிந்ததே. உரையினின்றும் மூலத்தை ஒருவாறு ஊகித்தலேனும் கூடும். பொறிநிரலினின்றும் எழுதினோர் கருத்தை மீட்டல் அதனினும் பெரிய இடர் உடையது. எனவே, ஒரு செய்நிரலின் மூலம் யாரிடத்து உள்ளது என்னும் வினா, அச்செய்நிரலை ஆள்பவர் யார் என்னும் வினாவே யாகும்.

தொடக்கத்தில் இவ்வினா எழவில்லை. பெருங்கணினிகளை விற்ற நிறுவனங்கள் செய்நிரல்களைப் பொறியுடன் சேர்த்தே கொடுத்துவந்தன. 1969ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் செய்நிரல்கள் பலவற்றிற்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. 1976ஆம் ஆண்டு பெப்ரவரியில், பில் கேற்ஸ் சிறுகணினி ஆர்வலர்க்கு எழுதிய பகிரங்கக் கடிதத்திலே, விலை கொடாது படியெடுத்தல் களவு என வாதிட்டார். 1980இல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் கணினிச் செய்நிரல்களை வெளிப்படையாகத் தன்னுள் அடக்கிக்கொண்டது. பொறியின் துணைப்பொருளாயிருந்த செய்நிரல், பத்தாண்டுக்குச் சற்றே மேற்பட்ட காலத்துள், வேலியிடப்பட்ட தனிச்சொத்தாயிற்று.

இம்மாற்றத்தை ஏற்க மறுத்தவர்களுள் ஒருவர் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் செயற்கை அறிவு ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த றிச்சாட் ஸ்ரோல்மன். அவர் 1983ஆம் ஆண்டு செப்டெம்பரில், யாவரும் தடையின்றிப் படித்தும் திருத்தியும் பகிர்ந்தும் கொள்ளத்தக்க முழுமையான இயக்க முறைமையொன்றை ஆக்கப்போவதாக அறிவித்து, அதற்குக் குனு எனப் பெயரிட்டார். 1984 சனவரியில் தமது பதவியைத் துறந்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் தோன்றிற்று. அந்நிறுவகம் பின்னர் வகுத்த நான்கு உரிமைகளும் இன்று பலர் அறிந்தவை: எந்நோக்கிற்காயினும் இயக்கும் உரிமை, படித்து ஆராய்ந்து மாற்றும் உரிமை, படியெடுத்துப் பிறர்க்கு அளிக்கும் உரிமை, மாற்றியதனையும் அவ்வாறே அளிக்கும் உரிமை.

ஈண்டுச் சொல் பற்றிய குழப்பமொன்றைத் தெளிதல் வேண்டும். விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஆங்கிலத்திலே ஒரு சொல்லே வழங்குதலால், குனு பொது உரிமத்தின் முகவுரை தான் குறிப்பது விடுதலையையே என விளக்கவேண்டி நேர்ந்தது. தமிழுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. இலவசம் வேறு, கட்டின்மை வேறு. ஆகவே, கட்டற்ற மென்பொருள் எனத் தமிழர் வழங்கும் தொடர் ஆங்கிலத் தொடரினும் தெளிவுடையது. ஆயின் அத்தெளிவு வேறொரு வினாவை எழுப்புகின்றது. கட்டற்றது எனப்படும் பொருளுக்கு நிபந்தனைகள் நிறைந்த உரிமப் பத்திரம் எற்றுக்கு? கட்டின்மையைக் காக்கக் கட்டொன்று வேண்டுமெனின், அது முரணன்றோ? குனு பொது உரிமத்தின் மதிப்பு முழுவதும் இவ்வினாவிற்கு அது தரும் விடையிலேயே தங்கியுள்ளது.

அவ்விடை அனுபவத்திற் பிறந்தது. ஸ்ரோல்மன் ஈமாக்ஸ் என்னும் பதிப்பியைக் குனு முறைமைக்கென எழுதத் தொடங்கியபோது, ஜேம்ஸ் கொஸ்லிங் எழுதியிருந்த ஈமாக்ஸ் செய்நிரலின் சில பகுதிகளை எடுத்தாண்டார். கொஸ்லிங் முன்னர் அதனைப் பிறர்க்கு வழங்கிவந்தவர். பின்னர் அதன் உரிமையை வணிக நிறுவனமொன்றுக்கு விற்றுவிட்டார். அந்நிறுவனம் தடைசெய்யவே, ஸ்ரோல்மன் அப்பகுதிகளை நீக்கி 1985இல் புதிதாக எழுதவேண்டியதாயிற்று. வாய்மொழி இணக்கத்தின்மேல் நின்ற பொதுமை, கைமாறியவுடன் பொதுமை நீங்கிற்று. இதனின்றும் ஈமாக்சுக்கென ஓர் உரிமம் எழுந்தது. தனித்தனிச் செய்நிரலுக்குத் தனித்தனி உரிமம் எழுதுதல் ஒவ்வாதெனக் கண்டு, எல்லாவற்றிற்கும் பொருந்தும் ஒரே உரிமம் 1989 பெப்ரவரியில் வெளியிடப்பட்டது.

அதன் தருக்கம் எளியது. செய்நிரலை எழுதியவர்க்குச் சட்டம் பதிப்புரிமை அளிக்கின்றது. அவர் அதனைக் கைவிட்டாரெனின், பெற்ற எவரும் அதனைச் சிறிது மாற்றி, மாற்றியதனைத் தமக்கே உரித்தாக்கி, மூலத்தை மறைத்தல் கூடும். கைவிடாது வைத்துக்கொண்டு, அதன் வலிமையினாலேயே, வழங்குவோர் தாம் பெற்ற உரிமைகளைத் தம்மிடமிருந்து பெறுவோர்க்கும் கொடுத்தல் வேண்டும் என விதித்தால், வேலியிடக் கொடுத்த சட்டம் வேலியைத் தடுக்கும் கருவியாகின்றது. தமிழில் இதனை அளிப்புரிமை என்பர். யாழ்ப்பாணத்து வழக்கிற் கூறின், இது தருமசாதன உறுதியை ஒத்தது. காணியைப் பொதுவுக்கு விடுவோர் வெறுங்கையாய் விட்டுச் செல்வதில்லை; இன்ன பயனுக்கே உரியதென்றும், தனியாள் தன்னுடைமை ஆக்கலாகாதென்றும் உறுதியில் எழுதிவைப்பர். அந்நிபந்தனை கொடையைக் குறைப்பதன்று. பின்வருவோரிடத்தும் கொடை கொடையாகவே நிலைக்கச் செய்வது.

இனிப் பத்திரத்தின் வாசகத்தை நோக்குவோம். 1991ஆம் ஆண்டு யூனில் வெளிவந்த இரண்டாம் பதிப்பே நடையழகிற் சிறந்தது. முகவுரை நோக்கத்தைச் சாதாரண மொழியிற் கூறுகின்றது. அதன்பின் பூச்சியத்தில் தொடங்கிப் பன்னிரண்டு வரை எண்ணிட்ட பிரிவுகள் வருகின்றன. செய்நிரலை இயக்குவதற்கு யாதொரு தடையும் இல்லை என முதலிலேயே கூறப்படுகின்றது. படியெடுத்துக் கொடுப்பதற்குக் கட்டணம் பெறலாம். மாற்றியவர், தாம் மாற்றியதையும் மாற்றிய நாளையும் குறித்தல் வேண்டும். பொறிநிரலாக வழங்குவோர் மூலநிரலையும் உடன் தருதல் வேண்டும். அன்றேல் குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்துமூல வாக்குறுதி தருதல் வேண்டும். நிபந்தனையை மீறியவர் உரிமையிழப்பர். ஆயினும் அவரிடமிருந்து பெற்றோர் நிபந்தனைக்கு அமைந்து நடக்குமளவும் உரிமையிழவார். ஒருவரின் குற்றத்துக்காக மற்றொருவரைத் தண்டியாத இவ்விதி நயக்கத்தக்கது.

இப்பத்திரத்தின் சிறந்த வாசகமாக எடுத்துக் காட்டத்தக்கது மூலநிரலுக்கு அது கூறும் இலக்கணம். மாற்றங்கள் செய்வதற்கு எவ்வடிவம் விரும்பத்தக்கதோ அதுவே மூலநிரல் என்கின்றது அது. வடிவத்தாற் கூறாது பயனாற் கூறிய இலக்கணம் ஆதலின், எழுதும் மொழி மாறினும் பொறி மாறினும் அது பழுதுபடவில்லை. பெயர்களைச் சிதைத்தும் விளக்கங்களை நீக்கியும் ஒன்றை மூலநிரலெனக் கொடுத்து ஏய்க்கக் கருதுவோர்க்கும் அது இடங்கொடுப்பதில்லை. மற்றொரு பிரிவு கடுமையானது. வேறு சட்டத்தாலோ நீதிமன்றக் கட்டளையாலோ இந்நிபந்தனைகளைக் காக்க இயலாதெனின், அரைகுறையாக வழங்காதே, முற்றாக நிறுத்திவிடு என்கின்றது.

எதிர்ப்பக்கத்தாரின் கூற்றையும் நேர்மையுடன் கேட்டல் வேண்டும். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்திற் பிறந்த பீ.எஸ்.டி. உரிமமும், மசாசுசெற்சிற் பிறந்த எம்.ஐ.ற்றி. உரிமமும் மிகச் சிறியன. பின்னையது இருநூறு சொற்களுக்குள் அடங்குவது. எழுதியோர் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காதே, கேடு நேரின் எம்மைக் குறை கூறாதே, மற்றெல்லாம் உன் விருப்பம் என்பதே அவற்றின் சாரம். கொடுத்தபின் கொண்டவரைப் பின்தொடர்ந்து செல்வது கொடையாகாது என்பது அக்கூட்டத்தார் கொள்கை. அவர்களிடத்துச் சான்றும் உண்டு. பேர்க்கிளியார் தம் வலையமைப்புச் செய்நிரலை 1989இல் இவ்வாறு வெளியிட்டபோது, வணிக நிறுவனங்களும் தயக்கமின்றி எடுத்தாளக் கூடியதாயிற்று. ஒரு பொது நெறி உலகெங்கும் பரவவேண்டுமெனின், நிபந்தனை குறைந்த உரிமமே விரைந்து செல்லும் என்பதை மறுத்தல் இயலாது.

ஆயினும் பரவுதல் ஒன்று. பொதுவாய் நிலைத்தல் மற்றொன்று. நெக்ஸ்ற் என்னும் நிறுவனம் குனு தொகுப்பியுடன் ஒப்ஜெக்ரிவ் சீ மொழிக்குரிய பகுதியொன்றை இணைத்து, அப்பகுதியைப் பொறிநிரலாக மாத்திரம் வழங்க முதலில் எண்ணிற்று. உரிமம் அதற்கு இடந்தராமையின் மூலநிரலையே வெளியிட்டது. 2003இல் லிங்சிஸ் நிறுவனத்தின் கம்பியில்லா வழிப்படுத்தியொன்றில் லினக்ஸ் இருப்பதைக் கண்டோர் நிபந்தனையைச் சுட்டிக்காட்டவே, அதன் மூலநிரல் வெளிவந்தது. அதனை அடியாகக் கொண்டு எழுந்த ஓப்பன்டபிள்யூஆர்ரி என்னும் முறைமை, ஆக்கியோர் கைவிட்ட பழங்கருவிகள் பலவற்றிற்கும் புத்துயிர் அளித்து வருகின்றது. பீ.எஸ்.டி. நெறியிலே இவ்விரண்டும் நிகழ்ந்திருக்கலாம். ஆனால் நிகழவேண்டும் எனக் கேட்கும் உரிமை எவர்க்கும் இருந்திராது. வேறுபாடு அங்கேதான் உள்ளது.

இப்பத்திரம் நீதிமன்றத்தில் நில்லாது என ஒரு காலத்துக் கூறப்பட்டது. 2004ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மியூனிக் மாவட்ட நீதிமன்றம் அதன் நிபந்தனைகள் செல்லுபடியாவன எனத் தீர்த்தது. 2008இல், விளையாட்டுப் புகைவண்டிகளை இயக்கும் செய்நிரலொன்று பற்றி எழுந்த வழக்கில், வேறொரு கட்டற்ற உரிமத்தின் நிபந்தனைகளை மீறுதல் பதிப்புரிமையை மீறுதலாகலாம் என அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்றும் கூறிற்று. பொருள் விளையாட்டாயினும் தீர்ப்பு விளையாட்டன்று. விலை பெறாது கொடுத்தவர்க்கும் சட்டம் காவலாகும் என்பது அதனால் உறுதிப்பட்டது.

லினஸ் ரோவால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருவை முதன்முதல் வெளியிட்டபோது, வழங்குதற்குப் பணம் பெறலாகாதென்னும் தமது சொந்த நிபந்தனையையே வைத்தார். 1992இல் அதனை நீக்கிக் குனு பொது உரிமத்தை ஏற்றார். தாம் செய்தவற்றுள் மிக நல்லது அதுவே எனப் பின்னர் அவர் கூறியதுமுண்டு. விற்பதைத் தடுத்தல் விடுதலையைக் காவாது. மறைப்பதைத் தடுத்தலே காக்கும் என்னும் உண்மை இம்மாற்றத்தால் விளங்கும்.

குணங்கூறிய அளவிற் குறையுங் கூறுதல் திறனாய்வின் கடன். முதலாவது குறை நீட்சி. 2007 யூனில் வந்த மூன்றாம் பதிப்பு இரண்டாவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நீண்டது. மூலநிரலைக் கொடுத்துவிட்டு, திருத்திய செய்நிரலைத் தம் கருவி ஏற்காதவாறு பூட்டுவைத்த உற்பத்தியாளரை மடக்கவும், காப்புரிமைச் சூழ்ச்சிகளைத் தடுக்கவும் அது முயன்றது. முயற்சி நன்று, ஆனால் ஒவ்வொரு சூழ்ச்சிக்கும் ஒவ்வொரு விதி கூட்டியதால், எழுதுவோர் தாமே படித்து விளங்கிய பத்திரம் சட்டத்தரணியின் துணையை வேண்டுவதாயிற்று. ரோவால்ட்ஸ் அதனை ஏற்காது இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டார். இரண்டாம் பதிப்பின்கீழ் மாத்திரம் வந்த செய்நிரலையும் மூன்றாம் பதிப்பின்கீழ் வந்ததையும் ஒன்றாக இணைத்து வழங்குதல் கூடாது. பகிர்தற்கென எழுந்த இரு பத்திரங்கள் தம்முட் பகிரமாட்டா என்பது வருந்தத்தக்கது.

இரண்டாவது குறை ஆழமானது. நிபந்தனைகள் யாவும் வழங்குதல் என்னும் செயலிலேயே தொடங்குகின்றன. செய்நிரலைத் தம் கணினியில் வைத்துக்கொண்டு, வலையமைப்பின் வழியே உலகத்தார்க்குச் சேவை மாத்திரம் அளிப்பவர் எதனையும் வழங்கியவராகார். எனவே தாம் செய்த மாற்றத்தை வெளியிட வேண்டியவருமாகார். 2007 நவம்பரில் வந்த குனு அஃபெரோ பொது உரிமம் இவ்வாயிலை அடைத்தது. ஆயினும் அது தனி உரிமமாய் நின்றது. செய்நிரல்களைப் பெரும்பாலோர் தொலைக் கணினிகளின் வாயிலாகவே பயன்படுத்தும் இக்காலத்தில், தலைமைப் பத்திரத்தின் காவல் வேண்டிய இடத்தில் இல்லாதிருத்தல் சிறு குறையன்று.

மூன்றாவதாகக் கூறப்படுவது ஒரு முரண். எதனையும் மாற்றலாம் எனக் கூறும் இப்பத்திரம், தன்னை மாற்றலாகாது என்கின்றது. இதனை நகையாடுவோர் உளர். அது தவறு. ஆயிரம் பேர் எழுதிய பகுதிகள் ஒன்றாய் இணைதற்கு, அவை யாவும் ஒரே வாசகத்தின்கீழ் வருதல் வேண்டும். செய்நிரல் மாறுவதற்காகவே உறுதி மாறாது நிற்கின்றது.

இவ்வாராய்ச்சி இலங்கைக்குப் புறம்பானதன்று. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவின் கரைகளை அழித்தபோது, காணாமற் போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்வதற்கு இலங்கைக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாய்க் கூடிச் சகானா என்னும் செய்நிரலை எழுதினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். அதனைக் குனு சிறு பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டனர். 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அது அங்குச் சென்றது. 2010இல் ஹெயிற்றியிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் நிறுவகம் சமூகப் பயனுக்கான தனது 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு அளித்தது. இடிபாடுகளின் கீழ் மக்கள் கிடக்கையில் உடன்படிக்கை எழுதவும் விலை பேசவும் எவர்க்கும் பொழுதில்லை. அவ்வுடன்படிக்கை முன்னரே எழுதப்பட்டுச் செய்நிரலுடன் சென்றமையே உரிமத்தின் பெரும் பயன். சகானாவின் பின்வந்த ஈடன் என்னும் வடிவம் எம்.ஐ.ற்றி. உரிமத்தின்கீழ் வெளிவந்தது என்பதையும் மறைத்தலாகாது. இரு நெறியும் ஒரே முயற்சியினுள் இடம்பெற்றன. ஆகவே, இரு நெறிக்கும் இடையேயுள்ள வேறுபாட்டினும், உரிமம் உள்ளதற்கும் இல்லாததற்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரிது.

இக்கடைசிக் கூற்று மாணாக்கர் கருதத்தக்கது. செய்நிரலை யாவரும் காண இணையத்தில் வைத்துவிட்டால் அது பொதுவாகிவிடும் எனப் பலர் நம்புகின்றனர். சட்டம் அவ்வாறு கொள்வதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரலையும் காக்கின்றது, எழுதிய அக்கணமே காவல் தொடங்குகின்றது, பதிவு வேண்டியதில்லை. எனவே உரிம வாசகமின்றி வெளியிடப்பட்ட செய்நிரலைக் காணலாமேயன்றி, எடுத்துத் திருத்தி வழங்குவோர் எழுதியவர் தயவிலேயே நிற்பர். கொடுக்க எண்ணியும் கொடாதவராய் முடிதல் இதனால் நேர்கின்றது. ஒரு கோப்பில் உரிம வாசகத்தையும், ஒவ்வொரு மூலக்கோப்பின் தலைப்பிலும் ஆக்கியோர் பெயரையும் ஆண்டையும் எழுதும் சிறு கடமை அக்கொடையை முற்றுவிக்கும்.

முடிவாகக் கூறின், குனு பொது உரிமம் குறையற்ற பத்திரமன்று. அதன் மூன்றாம் பதிப்பு நீண்டது; அதன் காவல் வலையமைப்பின் வாயிலில் நின்றுவிடுகின்றது; விரைந்து பரவவேண்டிய பொது நெறிகளுக்குச் சிற்றுரிமங்களே ஏற்றன. ஆயினும் கொண்டவர் தமக்குப்பின் வருவோரை மறத்தலாகாது என்னும் கடமையைச் சட்டத்தின் மொழியில் எழுதி, நீதிமன்றத்திலும் நிலைநாட்டிய பெருமை அதற்கே உரியது. பெரும் உழைப்பால் ஆக்கப்பட்டுப் பிறரால் வளர்க்கப்படவேண்டிய செய்நிரலுக்கு அதுவே தக்க உறுதி. ஒன்று மாத்திரம் எவ்வுரிமத்தாலும் தரமுடியாதது. படிக்க அனுமதி தருவது பத்திரம். படிக்கும் ஆற்றலைத் தருவது கல்லூரி. மூலநிரல் கையில் இருந்தும் அதனைத் திறந்து பாராத தலைமுறைக்கு, பூட்டிய நிரலும் திறந்த நிரலும் ஒன்றே.